தனசேகரன் மாஸ்டரின் ஆரா மீட்டர்

சிராங்கூன் சாலையில் தங்கம் விலை ஏறினாலும் இறங்கினாலும், ஒரு புடவைக் கடையின் மாடிப்படியில் மட்டும் வரிசை குறைவதே இல்லை. மேலே இருப்பவர் ‘ஆரா மாஸ்டர்’ தனசேகரன். போன சனிக்கிழமை மதியம் அங்கே போய் நின்றவர்கள் யார் தெரியுமா? தாதிமைக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள், பன்னிரண்டு பேர். நாளை நமக்கு ஊசி போடப்போகிறவர்கள்.

திங்கட்கிழமை அவர்களுக்கு மனநல வார்டில் பயிற்சி. மனநோய் தொற்றுமா என்று போன மாதத் தேர்வில் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ‘தொற்றாது’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். வாங்கிய கையோடு, தொற்றாமல் இருக்க மாஸ்டரிடம் மந்திரக் கயிறு கட்டிக்கொள்ள வந்துவிட்டார்கள்.

கயிற்றிலும் ஒரு சிக்கல். வார்டில் முழங்கைக்குக் கீழே எதையும் கட்டக் கூடாது. வகுப்புத் தலைவி மோகனப்பிரியா கவலையோடு இதைச் சொன்னதும், மாஸ்டர் உடனே கால் கயிற்றை எடுத்து நீட்டினார். மனநோய் பாதத்திலிருந்துதான் மேலே ஏறுமாம். நரம்பு மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள் இதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கயிறு கட்டுமுன் ஆரா மீட்டரை நெற்றியில் காட்டுவார். திருநீறும் குங்குமமும் அப்பி, முன்பக்கம் தாமரைப் படம் ஒட்டிய கருவி அது. பச்சை எரிந்தால் மனம் சுத்தம். சிவப்பு எரிந்து கூவினால் பித்தக் காற்று உள்ளே புகுந்துவிட்டது.

ஏர்கான் குளிரில் காத்திருந்த பதினொரு பேருக்கும் பச்சை. ஸ்ரீநாத் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலில் நடந்து, முகம் சிவக்கக் கடைசியாக வந்து சேர்ந்தான். மீட்டர் சிவந்து கூவியது.

“தம்பிக்கு முத்திடுச்சு” என்றார் மாஸ்டர்.

மூன்று வருடமாக அவனோடு ஒரே தட்டில் ரொட்டி பிராத்தா பிய்த்துத் தின்ற நண்பர்கள் பெஞ்சில் ஒரு முழம் நகர்ந்துகொண்டார்கள். அவனை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லலாமா என்று மோகனப்பிரியா குரூப் சேட்டில் கேட்டாள். ஒன்பது கட்டைவிரல்கள் உடனே நிமிர்ந்தன. கோர்ஸையே விட்டுவிடட்டுமா என்று ஸ்ரீநாத் வகுப்புத் தோழி ரக்ஷனாவிடம் மெல்லக் கேட்டான்.

மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவள் ரக்ஷனா. வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே மீட்டர் பச்சை காட்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ரகசியம் பத்திரம், ஆனால் ஸ்ரீநாத் போய்விடுவான்.

மாஸ்டரின் மேசையில் தே தாரிக் ஆவி பறந்துகொண்டிருந்தது. ரக்ஷனா மீட்டரை எடுத்து அந்தக் கோப்பைக்கு நேராக அழுத்தினாள். சிவப்பு எரிந்து கூவியது.

“மாஸ்டர், உங்க டீக்கும் முத்திடுச்சா?”

தேயிலைத் தோட்டத்திலேயே பித்தக் காற்று பட்டிருக்கலாம் என்று மாஸ்டர் விளக்கினார். இரண்டு பேர் தலையும் ஆட்டினார்கள். ரக்ஷனா தாமரைப் படத்தை உரித்தாள். உள்ளே எண்ணும் டிகிரி செல்சியஸும் தெரிந்தன. வார்டில் தினமும் இவர்களே நோயாளிகளின் நெற்றியில் நீட்டும் அதே காய்ச்சல் கருவி. கொஞ்சம் திருநீறு பூசியதும் சொந்த ஆயுதமே இவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

பிறகு ஸ்ரீநாத்தை ஏர்கானுக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி அழுத்தினாள். பச்சை. மருத்துவ வரலாற்றிலேயே முதல்முறையாக ஏர்கான் ஒரு மனநோயைக் குணப்படுத்தியது. டாய்லெட் போய்வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிய மாஸ்டர், இதை எழுதும்வரை திரும்பவில்லை.

மோகனப்பிரியா பெருமூச்சு விட்டாள். “நல்லவேளை லா, நம்ம கிளாஸ்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

ரக்ஷனா கிளம்பத்தான் இருந்தாள். அந்த ‘நல்லவேளை’ அவளை நிறுத்திவிட்டது.

“எனக்கு இருக்கு. டிப்ரெஷனுக்கு ரெண்டு வருஷமா மருந்து சாப்பிடறேன். என் நோட்ஸ படிச்சுத்தான் நீங்க எல்லாரும் பாஸ் பண்ணீங்க. யாருக்காவது ஒட்டிக்கிச்சா?”

ஸ்ரீநாத் மட்டும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மோகனப்பிரியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்போ மண்டே, வார்டுல இருக்கறவங்ககிட்ட நான் எப்படிப் பேசறது?”

“நேத்து வரைக்கும் என்கிட்ட எப்படிப் பேசினியோ, அப்படி.”

மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். சூட்டைக் காட்டத்தான் அதைச் செய்தார்கள், ஒழுங்காகக் காட்டியது. நெற்றியைக் காட்டக் காசு கொடுத்த வருங்காலத் தாதியரே, நெற்றிக்குப் பின்னால் இருப்பதைப் பயன்படுத்த ஒரு காசும் ஆகாது.