ஐந்து பெட்டியும் அப்பாவின் சட்டையும்

என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ள வேண்டும் என்று இன்றும் கை துறுதுறுக்கிறது. ஊரில் எவன்மேல் கோபம் வந்தாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். அந்த எம்.ஈ. மாணவிமேல் வந்தது ஆறவே மாட்டேன் என்கிறது. அவள் நான்தான்.

அப்பா ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். முதலாளியிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. என் புராஜெக்ட்டை அங்கே வைத்துப் பார்க்க அனுமதி கேட்டார். தண்ணீர்த்தொட்டி நிரம்பியதும், ஐந்து வயர்லெஸ் பெட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, முதலாளியின் செல்லுக்குச் செய்தி சேர்க்க வேண்டும். என் கணக்குப்படி இரண்டே நொடி.

"எம் பொண்ணு பண்ணா தப்பாவாது மொதலாளி" என்று அப்பா வாக்கும் கொடுத்துவிட்டார். (யார் கொடுக்கச் சொன்னது?)

லீவு நாளில் சோதித்தேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. அன்று சொந்தமாகச் சேதி சொல்ல இருந்தது தொட்டியருகே வைத்த ஒரே பெட்டிதான், மற்ற நாலும் அதை வாங்கிக் கடத்தியதோடு சரி என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை.

முதலாளிக்குச் செய்துகாட்டும் நாளில், அசத்துகிறேன் பேர்வழி என்று, ஓடுகிற டிரம்களின் சூட்டையும் ஐந்து பெட்டிகளும் விடாமல் சொல்லும்படி செய்தேன். இரண்டு பெட்டி ஒன்றாகப் பேசினால் இரண்டு சேதியும் கெடும். அப்போது ஆளுக்கொரு நேரம் காத்திருந்து பேச வேண்டும். மகராசி நான், ஒரே புரோகிராமை ஐந்திலும் அப்படியே ஏற்றியிருந்தேன். ஐந்தும் ஒரே நேரம் காத்திருந்தன, ஒன்றாகக் கத்தின, மறுபடி காத்திருந்தன.

செய்தி வந்ததும் மோட்டாரை நிறுத்துவதாக ஏற்பாடு. முதலாளி செல்லையே பார்த்தபடி நின்றார். தொட்டி வழிந்து, காயவைத்து அடுக்கிய தோலை நோக்கித் தண்ணீர் ஓடியது.

"யோவ், மோட்டார நிறுத்துய்யா!" அப்பா கத்தினார்.

டிரம் இரைச்சலில் குரல் பத்தடி தாண்டாது. அதனால் கேட்டவர் அடுத்தவரைப் பார்த்துக் கத்துவார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்க மாட்டார். அங்கே என்றைக்கும் அதுதான் வழக்கம். நாலு வாய் தாண்டி மோட்டார் நின்றது. டிரம்களையும் நிறுத்திவிட்டு எல்லோரும் தண்ணீரைத் தள்ளினார்கள். அப்பா சட்டையைக் கழற்றித் தரையைத் துடைத்தார்.

"இன்னா மணி, இதானா ரெண்டு செகண்டு?"

முதலாளி அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா சட்டையைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

டிரம் நின்றதால் பெட்டிகளுக்குச் சூடு சொல்லும் வேலை போனது. உடனே முதலாளியின் செல் கூவியது: "தொட்டி நிரம்பிவிட்டது." (பாழாய்ப் போன செய்தி!)

இப்போது வேலை பெங்களூரில். நான் போன் செய்தால் வீட்டில் அத்தனை பேரும் ஒன்றாகப் பேசுவார்கள். அப்பா அதட்டுவார்:

"டிரம்ம நிறுத்துங்கடா! பாப்பா பேசுது."

வீடே சிரிக்கும். எனக்கு மட்டும் அந்த ஈரச் சட்டை கண்ணில் வந்து நிற்கும், பற்றிக்கொண்டு வரும்.