கரண்ட் ஆபீஸ் சூசைமுத்து வரி ஏய்த்த விவரம்

காரைக்கால்
ஜூலை 24

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் யேசுராஜ் அவர்களுக்கு அக்காள் கணவர் சூசைமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்கா ஜூலியட், உங்கள் மருமகள் கிறிஸ்டி மூவரும் தேவமாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம். புதுச்சேரியில் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாள் எடுத்து எழுதுகிறார் என்று தாங்கள் யோசிக்கலாம். நான் கையெழுத்துப் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில், போன், மின்னஞ்சல், வாட்ஸப், முகநூல் எதன் வழியாகவும் விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறது. தபாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். படித்ததும் கிழித்துவிடவும். தங்கச்சிக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

சூசைமுத்து வருமான வரியில் மோசடி செய்யப் பார்த்தார், வரி ஆபீசில் ஒரு பெண் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டி அனுப்பினாள் என்று இதற்குள் யாராவது தங்கள் காதில் போட்டிருப்பார்கள். அது நடந்தது உண்மைதான். ஆனால் மச்சான், அதுதான் என் புது உத்தியோகம்.

ஓய்வு பெற்று பதினாலு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் மின்துறையில் பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இப்போது வீட்டில் உள்ள ஒரே பொறுப்பு, தண்ணீர் டேங்க் நிறைந்ததா என்று மாடி ஏறிப் பார்ப்பது. இந்த நிலையில்தான் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. கம்பெனிக்காரர்கள் தங்கள் கிளைகளில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வெளியாள் ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி அனுப்பி வைப்பார்களாம். அவர் போய்ப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு. சென்னையிலிருந்து அகரன் என்கிற தம்பி வீடியோவில் வந்து என்னைப் பேட்டி எடுத்தார். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனிக்குக் காரைக்காலில் கிளை இருக்கிறது, அதைச் சோதிக்க வேண்டும், செய்வீர்களா சார் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு மச்சான். கல்யாணத்தன்றைக்குக்கூட நெஞ்சு அப்படி அடிக்கவில்லை. இதை அக்காவிடம் சொல்லிவிட வேண்டாம்.

சோதனையின் முக்கியமான கட்டம் என்னவென்றால், கொடுக்காத நன்கொடைக்குப் பொய் ரசீது போட்டு வரியைக் குறைத்துத் தரச்சொல்லி நான் மூன்று தடவை கேட்க வேண்டும். அங்கே இருப்பவர் சம்மதிக்கிறாரா, மறுக்கிறாரா என்று எழுத வேண்டும். இரண்டு தடவை கேட்டுவிட்டு நிறுத்தினால் அறிக்கை செல்லாது. பொய் சொல்லுகிற வேலை ஆயிற்றே என்று மனசு உறுத்தியதால் முதல்நாளே கோயிலுக்குப் போய், செய்யப்போகும் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் வெளியில் சொல்ல மாட்டார் என்பதால் அதில் ஒப்பந்தத்துக்குப் பங்கம் இல்லை. "சம்பளத்துக்காகச் செய்றீங்களா, ஆசைக்காகச் செய்றீங்களா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான் சாமி" என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். முன்பணமாக ஆறு சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, தொப்பி ஒன்றும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவர்கள் கொடுத்த முகவரிக்குப் போனேன். மாங்கனித் திருவிழா முடிந்த வாரம், தெருவெல்லாம் இன்னும் கடைகள். உள்ளே மேசையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் சித்திக்கா, திருமலைராயன்பட்டினத்துக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். நான் வாசல் தாண்டினதும் நிமிர்ந்து பார்த்து, "வாங்க கரண்ட் ஆபீஸ் சார், கண்ணுல ஆபரேஷனா?" என்றாள். இந்த ஊரில் என் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்காதவர்கள் யார் இருக்கிறார்கள், வேஷம் போடும்போது அது எனக்குத் தோணவே இல்லை. கண்ணாடியைக் கழட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விக்கு நான் பதில் எழுத வேண்டும். முப்பது வினாடிக்குள் வணக்கம் சொன்னார்களா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்றெல்லாம் இருக்கும். அவர்கள் முன்னால் எழுதக் கூடாது. அதனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து பாத்ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். நாலாவது தடவை போய் வந்தபோது வரிசையில் இருந்த பெரியவர் ஒருத்தர் என் கையைப் பிடித்து, "வெந்தயத்த ஊற வச்சு வெறும் வயித்துல குடிங்க சார், சுகர் அடங்கிரும்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். அது கணக்கில் வராத பொய்.

பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து, பான் கார்டைக் கொடுத்து என் வரிக் கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு, முதல் தடவை கேட்டேன். "ஏம்மா, நன்கொடை ரசீது ஏதாவது போட்டு வரியக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?" அந்தப் பெண் சிரித்த முகமாக, "குடுத்த ரசீது இருந்தா தாங்க சார், போட்ருவோம்" என்றாள். இரண்டாவதாக, "குடுக்கலம்மா, குடுத்த மாதிரி போட முடியுமான்னு கேக்குறேன்" என்றேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அது தப்பு சார், நாங்க செய்ய மாட்டோம்." எனக்கு அப்போதே எழுந்து நின்று கை குலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மூன்றாவது பாக்கி இருக்கிறதே. குரல் கொஞ்சம் உசந்துபோச்சு. "ஊர்ல எல்லாரும்தானம்மா பண்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவ கம்ப்யூட்டர அப்படியே என் பக்கம் திருப்புனா மச்சான். "இதப் பாருங்க சார். ரெண்டு வருஷமா பேங்க் டெபாசிட் வட்டியவே நீங்க காட்டல. இந்தா வரிசையா நிக்கிது. உள்ளதையே மறைச்சிட்டு, குடுக்காததுக்கு ரசீது வேற கேக்குறீங்களா? எங்க வாப்பா ஒரு நாள் தாமசமா பில்லு கட்ட வந்தப்ப அபராதம் போட்டுத்தான வாங்குனீங்க? அப்ப மட்டும் சட்டம் தெரிஞ்சுதா?"

சத்தியமாச் சொல்றேன், அந்த வட்டி விஷயம் நடிப்பு இல்ல. வரிய பேங்க்காரனே பிடிச்சுக்குவான்னு நெனைச்சு சும்மா இருந்துட்டேன். மோசடிக்காரனா நடிக்கப் போன எடத்துல நெஜமாவே நான் கணக்குக் காட்டாதவன்னு தெரிஞ்சுபோச்சு. காது ரெண்டும் சூடாயிருச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். நாப்பத்திரண்டு கேள்விக்கும் முழு மார்க்கு வாங்குற பொண்ண கண்டுபிடிச்சிட்டோம்ங்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோட திரும்பிப் பார்த்தா, எனக்குப் பின்னால மூணாவது நாற்காலியில, மடியில ஃபைல வச்சிக்கிட்டு ஐஸ் கம்பெனி மரியசெல்வம் உக்காந்திருக்காரு. ஆமா, கிறிஸ்டிக்கு நீங்க பாத்து வச்சிருக்க மாப்பிள்ளையோட அப்பாவேதான். அவரு என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். கறுப்புக் கண்ணாடிய எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

நான் வீடு வர்றதுக்கு முந்தியே சேதி வந்துருச்சு. மீன் குடுக்க வந்த அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. உங்க அக்கா சாப்பாட்டத் தட்டுல வச்சிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "ஒங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்?" ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல முடியும், ஒப்பந்தம் இருக்கே. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் திருவிழாக் கமிட்டி செயலாளரு தனியாக் கூப்புட்டு, இந்த வருஷம் நன்கொடை ரசீதுப் புத்தகம் வேற ஆள்கிட்ட இருக்கட்டும்னு பதவிசா வாங்கிக்கிட்டாரு. இத்தனைக்கும் நான் கலங்கல மச்சான். சித்திக்காவுக்கு அறிக்கையில முழு மார்க்கு போட்டேன். கடைசியில வேற ஏதாவது சொல்லணுமான்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல அந்தப் பொண்ணப் பத்தி உருகி உருகி எழுதுனேன். ஐநூறு எழுத்துக்கு மேல போக விடாதாம். "இப்படிப்பட்ட பெண்ணை நீங்கள்" னு நின்னுபோச்சு. அப்படியே அனுப்பிட்டேன்.

செவ்வாக்கெழம மரியசெல்வம் போன் பண்ணுனாரு. "கொஞ்சம் கம்பெனிப் பக்கம் வந்துட்டுப் போங்க, பேசணும்" னாரு. சம்பந்தம் முறிஞ்சதுன்னே முடிவு பண்ணிட்டேன். என்னால என் மகளுக்கு வந்த எடம் போகுது. ஒப்பந்தமாவது ஒண்ணாவது, உண்மையச் சொல்லிருவோம்னு காரைக்கால்மேட்டுல உள்ள அவரு கம்பெனிக்குப் போனேன். அங்க படகுக்கு ஏத்துறதுக்கு ஐஸ் ஒடைக்கிற மெஷின் ஓடுது. காது கேக்கல. "நான் அன்னிக்குப் பேசுனது பூரா நடிப்பு" ன்னு கத்துனேன். "படிப்பா? பொண்ணு படிப்புக்கு என்ன கொற" ன்னு என் தோள்ல கைய போட்டு பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனாரு. டீ வரவழைச்சாரு. அப்புறம் அவரு பேசுனத அப்படியே எழுதுறேன்.

"சூசை சார், ஒங்க மச்சான் ஒங்களப் பத்திச் சொன்னப்பவே எனக்கு கிலி புடிச்சிருச்சு. கவுண்டர்ல ஒரு ரூவா சில்லற இல்லேன்னா கடைக்கு ஓடிப்போய் மாத்திக்கிட்டு வந்து குடுப்பாருன்னாரு. எம்மவன் ஏற்கனவே அப்படித்தான் இருக்கான். மாமனாரும் அப்படின்னா, ரெண்டு பேரும் சேந்து என் கம்பெனிக் கணக்க நோண்டுனா நான் எங்க போறது? வேற எடம் பாக்கலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு நீங்க கேட்டீங்க பாருங்க. அதே பொண்ணுகிட்ட நான் முன்னாடி ரெண்டு தரம் கேட்டுட்டு எந்திரிச்சு வந்தவன். நீங்க மூணாவது தரமும் கேட்டீங்க. அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. மாதா திருநாள் முடிஞ்சதும் நிச்சயம் வச்சுக்குவோம்."

நான் டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து கிறிஸ்டியக் கூப்புட்டு உக்கார வச்சு, ஒப்பந்தத்துலேருந்து ஐஸ் கம்பெனி வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி லேபு வேலை முடிஞ்சு அப்பதான் வந்திருந்துச்சு, கைப்பையக்கூட கீழ வைக்கல. மொதல்ல சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்து அழுதுருச்சு. "மூணு நாளா அவரு எங்கிட்ட சரியாப் பேசலப்பா. ஒங்க அப்பா அப்படியான்னு கேட்டாரு. இல்லவே இல்லன்னு சொன்னேன். நம்பல" ன்னு மாப்பிள்ளையப் பத்திச் சொல்லுச்சு. என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மான்னேன். "கேட்டா நீங்க பொய் சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுப்பா." மச்சான், கமிட்டியில ரசீதுப் புத்தகத்த வாங்குனப்ப வராத அழுகை எனக்கு அப்ப வந்துருச்சு. உத்தியோகம்னு குதிச்சிக்கிட்டுத் திரிஞ்சேனே, எம்பொண்ணு மூணு நாளா என்னப் பாக்கப் பயந்துக்கிட்டு இருந்திருக்கு.

அப்புறம் அது மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசுச்சு. துறைமுகத்துல வேலை பாக்குற பையன், ஆரோக்கியஜோசப், நல்ல புள்ள. கடைசியில போன என்கிட்ட குடுக்கச் சொல்லி, "மன்னிச்சிருங்க மாமா, நான் தப்பா நெனைச்சிட்டேன்" னாரு. மாமான்னு சொன்னது அதுதான் மொதத் தடவ. அவங்க அப்பாகிட்ட நிச்சயம் முடிஞ்சப்புறம் தானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னும், அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டாம்னும் கேட்டுக்கிட்டாரு. பொய் சொல்ல மாட்டேன், ஆனா வாயத் தொறக்காம இருக்கேன்னு ஒத்துக்கிட்டேன். நேத்து சித்திக்காகிட்டயே போய் வட்டியெல்லாம் காட்டி, அபராதத்தோட வரியக் கட்டிட்டேன். அந்தப் பொண்ணு குடிக்கத் தண்ணி மட்டும் குடுத்துச்சு.

இப்ப உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே மரியசெல்வம் பேசுனா என்ன நல்லவன், நேர்மையானவன்னு ஒரு வார்த்த சொல்லிராதீங்க. வாய் தவறி வந்துட்டா, அதெல்லாம் அந்தக் காலம்னு சொல்லிச் சமாளிங்க. மருமக வாழ்க்க உங்க கையிலதான் இருக்கு.

தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசீரும். மாதா உங்கள் வீட்டில் எல்லாரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள
சூசைமுத்து

பி.கு.: கடிதத்த ஒட்டப் போகும்போது அகரன் தம்பிகிட்டேருந்து மின்னஞ்சல் வந்துச்சு. அறிக்கையோட நான் அனுப்புன ஆபீஸ் வாசல் போட்டோவ இப்பத்தான் பாத்தாங்களாம். நான் போனது அவங்க கிளையே இல்லையாம். அவங்க ஆபீஸ் அதே கட்டடத்துல மாடியில இருக்காம். கீழ இருக்கிறது வேற யாரோ நடத்துறதாம். சித்திக்காங்கிற பேருல தங்களுக்கு ஊழியரே கெடையாதுன்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா கீழ நடந்ததுக்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே இல்ல, மொத நாளே ஊர் முழுக்க நான் சொல்லியிருக்கலாம். ஒடனே ஓடிப்போய் சித்திக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அப்ப வட்டிய மறைச்சதும் சோதனைக்குத்தானா சார்?" னு கேட்டுச்சு. இல்லம்மா, அது நெஜம்னேன். மாடி ஆபீஸுக்கு திங்கக்கெழம போய் மறுபடி மொதல்லேருந்து செய்யச் சொல்லியிருக்காங்க. சரின்னு பதில் போட்டு முடிக்கல, மரியசெல்வம் போன். கீழ இருக்க பொண்ணு ஒத்துவராது, மாடியில ஒரு ஆபீஸ் இருக்காம், திங்கக்கெழம நாம ரெண்டு பேரும் சேந்தே போயிருவோம்ங்கிறாரு. பத்து மணிக்கு வாசல்ல நிக்கிறாராம். அங்க பேச வேண்டியத நானே பேசிரணுமாம், எனக்குத்தான் இதுல தைரியம் அதிகமாம்.