மோப்ப மூப்பரும் சிவப்புப் பேனாவும்

நம் சபைகளில் மோப்ப மூப்பர் என்று ஓர் இனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இவரை அடையாளம் காண முடியாது. எல்லா மூப்பர்களையும் போல அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே கனத்த வேதாகமப் பை, ஜெபத்துக்கு முன்னால் அதே செருமல். இவரைப் பார்க்க ஒரு சாவு விழ வேண்டும். செய்தி வந்த அரை மணி நேரத்தில் மருத்துவமனையின் கீழ்த்தளத்து இழவுக்கூடத்துக்கு வந்து, காலணியைக் கழற்றுமுன் மூக்கை மேலே தூக்கி இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவர் யாரோ, அவரே மோப்ப மூப்பர். ஊதுபத்தி வாசம் வருகிறதா என்று பார்க்கிறார். செத்தது யார் என்று அப்புறம் கேட்பார்.

எங்கள் தேகு நகரத்துச் சபையில் இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி உண்டு. பெயர் தோ கிசொப். பதினொரு வருஷமாக இழவு வீடுகளில் மாட்டிறைச்சி சூப்பு பரிமாறும் குழுவில் இருப்பவள் நான்; இவரை நான் பார்த்த அளவுக்கு அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டார். புதுவீடு போகிறவரிடம் "பேய் நடமாட்டம் இல்லாத நாளாப் பாத்துத்தான போறீங்க?" என்று கேட்டு மடக்குவார்; பிறந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே "இந்தப் பேரை யாரு வச்சா, பேருக்குப் பலன் கணிக்கிறவன்கிட்டப் போகலையே?" என்பார், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பையிலிருந்து வெற்றி ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் கொடுத்த ஒட்டுமிட்டாயைப் பிடுங்கி, அதிர்ஷ்டத்தை நம்பாதே என்று புத்தி சொல்லி, பிறகு அந்த மிட்டாயைத் தானே தின்றுவிடுவார். சிவப்பு மையில் பேர் எழுதினால் ஆயுசு குறையும் என்று பயந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதெல்லாம் அஞ்ஞானிகளின் கட்டுக்கதை என்று முக்கால் மணி நேரம் போதித்தவரும் இவர்தான். பிள்ளைகளுக்கு அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

எதையும் "நான் குறை சொல்ல வரல" என்றுதான் தொடங்குவார். அப்படித் தொடங்கினால் சூப்புப் பாத்திரத்தை மூடி வைத்துவிடலாம், முடிய நேரமாகும்.

கெட்ட மனிதரா? அதுதான் இல்லை. அவர் சொல்லும் சட்டத்தில் தப்பே கிடையாது. செத்தவர் படத்துக்குப் பத்தி காட்டி, படையல் வைத்து, விழுந்து கும்பிட்டு, ஆவியிடம் அருள் கேட்பது நம் விசுவாசத்துக்கு ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். குறி கேட்காதே, நாள் பார்க்காதே, செத்தவரை விசாரிக்காதே என்று வேதம் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்தவர், எதிரே அழுதுகொண்டு நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டாமா?

போன குளிர்காலத்தில் பியோன் சங்உக் இறந்துபோனார். ஐந்து வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்ததும், மூத்த மகனான அவர் தாய் தகப்பனுக்கு வருஷாவருஷம் வைத்துவந்த படையலை நிறுத்திவிட்டார். யோங்ஜுவில் இருந்த தம்பி யோங்தே, "இனி எனக்கு அண்ணனே இல்ல" என்று சொல்லிவிட்டு, படையல் பாத்திரங்களைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அறுவடைத் திருநாளுக்குக்கூட அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சங்உக்கின் மனைவி ஒக்புன் அம்மாளின் ஒரே மகள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். காலையில் அடுப்படிக்கு வந்த அம்மாள் என் முன்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, இவரு தம்பி வந்தாப் போதும். வந்தும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னா, இனி இவரு பக்கத்துச் சொந்தத்துல எனக்குன்னு ஒருத்தரும் இல்ல."

மதியம் தம்பி வந்தார். கறுப்புக் கோட்டு, சிவந்த கண்கள். நேராகப் படத்துக்கு முன்னால் போய், கோட்டுப் பையிலிருந்து ஊதுபத்திப் பெட்டியை எடுத்தார். பெட்டி திறக்கும் முன்பே மூப்பரின் மூக்கு அங்கே போய்விட்டது.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. நான் குறை சொல்ல வரல. இது விசுவாச வீடு. பத்தி கொளுத்துறது, படத்துக்கு விழுந்து கும்புடுறது இங்க கிடையாது. அதோ வெள்ளைச் செவ்வந்தி இருக்கு, ஒண்ணு எடுத்து வச்சுட்டுப் போங்க."

"நீங்க யாரு?"

"சபை மூப்பர்."

"நான் செத்தவனோட தம்பி. அவன் முதுகுல ஏறி ஆத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன். பூவை வச்சுட்டுப் போறதுக்கு நான் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?"

"நான் குறை சொல்ல வரலங்க..."

"வராமலே இவ்வளவு சொல்றீங்களே, வந்தா என்ன ஆகும்?"

ஒக்புன் அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சூப்பை எங்கே ஊற்றியிருப்பேனோ தெரியாது. மூப்பரோ, ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி மாளாது, எழுதி ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு பெரிய தாள் கிடைத்தது. வருகைப் பதிவேட்டுக் கறுப்புப் பேனா எழுதி எழுதிக் காய்ந்துபோயிருந்தது. பாத்திரங்களில் அடையாளம் போட நான் வைத்திருந்த தடித்த சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, முத்து முத்தாக எழுதினார்: "இது கிறிஸ்தவ வீட்டு இழவு. பத்தி இல்லை, படத்துக்கு வணக்கம் இல்லை. மூடநம்பிக்கைக்கு இங்கே இடமில்லை."

அறிவிப்பு என்றால் கீழே பேர் வேண்டாமா? "இப்படிக்கு, மூப்பர்" என்று எழுதினார். அதோடு கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"சகோதரி, கறுப்புப் பேனா ஏதாவது இருக்கா?"

"காஞ்சு போச்சு மூப்பரே. இதுலயே எழுதுங்க."

"இல்ல, சிவப்பு கொஞ்சம் கண்ணை உறுத்தும்."

"மேல மூணு வரி உறுத்தலையா?"

சட்டைப் பையைத் தடவினார், கோட்டுப் பையைத் தடவினார், பதிவேட்டுக்கு அடியில் தேடினார். தம்பி யோங்தே பத்திப் பெட்டியோடு மெல்ல நடந்து வந்து, தாளை எட்டிப் பார்த்தார். நம் ஊரில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

"எழுதுங்க மூப்பரே. 'தோ கிசொப்', நம்ம எழுத்துல மூணே எழுத்து. நீங்க எழுதிட்டா, சத்தியமா இந்தப் பத்தியைப் பைக்குள்ளயே போட்டுக்குறேன்."

சூப்பு குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மூப்பர் பேனாவைத் தாளில் வைத்தார். ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. உதடு அசைந்தது, ஜெபமாக இருக்கலாம். பிறகு மூடியைப் போட்டு மூடினார்.

"மூட்டு வலி," என்றார்.

இழவுக்கூடம் என்றும் பாராமல் எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பியும் சிரித்தார். "அண்ணன் இருந்திருந்தா இதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்," என்று ஆரம்பித்தவர் பாதியில் குரல் உடைந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பந்தயத்தில் ஜெயித்தது அவர்தானே? பத்தி ஒன்றை உருவிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போதுதான் ஒக்புன் அம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, பத்தி வேணாம்னு சொன்னது மூப்பர் இல்ல, உங்க அண்ணன். ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னாரு. எனக்குப் பத்தியும் வேணாம், படையலும் வேணாம். ஆனா என் தம்பி வந்தா நிக்க வச்சே அனுப்பிடாத, உக்கார வச்சு சூப்பு குடுன்னாரு."

"அப்ப நான் யாருக்கு அண்ணி தலை குனியிறது?" என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி.

"எனக்குக் குனியுங்க. நான் உசுரோட இருக்கேன்ல? உங்களுக்கு நானும் குனியுறேன்."

யோங்தே பத்தியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பைக்குள் போட்டார். இருவரும் எதிரெதிராக முழங்காலிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். ஐந்து வருஷக் கோபம் அல்லவா, எழுந்திருக்க நேரமாயிற்று. எனக்குக் கண் மறைத்துவிட்டது. இதிலும் ஏதோ கண்டுபிடித்துவிட்ட மூப்பர், "நான் குறை..." என்று வாயைத் திறந்தார், கையிலிருந்த சிவப்புப் பேனா கண்ணில் பட்டதும் மூடிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், தம்பி கோபத்தில் தாறுமாறாக உதறிவிட்டு வந்த காலணிகளை எடுத்து, திரும்பப் போகும்போது மாட்ட வசதியாக ஒழுங்காகத் திருப்பி வைத்தார். இந்த இனத்தை முழுதாக வெறுக்க முடியாமல் போவது இதனால்தான்.

அடக்கம் முடியும்வரை தம்பி மூன்று நாளும் இருந்தார். இரண்டு கிண்ணம் சூப்பு கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து மூப்பரும் குடித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. புதுவீட்டுக்குப் போன நாள் தற்செயலாக அமைந்த நாள்தானே? இழவிலிருந்து திரும்பியபோது தோளில் தூவிய உப்பு கையில் சும்மா இருந்ததுதானே? லிஃப்டில், நம் மொழியில் சாவு என்றே ஒலிக்கும் நாலு என்ற எண்ணுக்குப் பதில் வேறு எழுத்து இருந்தபோது நிம்மதியாக இருந்ததே, அது வேறு யாருக்கோ, இல்லையா?

யாரும் ஒட்டாத அந்தத் தாளை நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பேருக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது. பேனாவையும் மூடி திறந்தே வைத்திருக்கிறேன். உங்கள் பேரை எழுதிவிட்டுப் போங்களேன். நானே எழுதியிருப்பேன், இரண்டு நாளாக எனக்கும் கொஞ்சம் மூட்டு வலி.