செய்தியில வந்த தண்ணி

எங்க லயத்துக்குத் தண்ணி வந்த நாள் பிப்ரவரி இருபது. நேரமும் சொல்லிர்றேன். காலைல பதினொண்ணு இருபதுல இருந்து பதினொண்ணு இருபத்தாறு வரைக்கும்.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டு எஸ்டேட்டுல பதினாறு வீட்டு லயம் எங்களுது. பஞ்சாயத்துப் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னா மத்த பஞ்சாயத்தெல்லாம், நம்மள விட்டுட்டானேன்னு கோவிச்சுக்கும்.

அன்னைக்குக் குழாய் உத்காடனம். மெம்பர் பிஜு ரிப்பன் வெட்டினாரு. செல்போன்லயே 'ஏலப்பூ நியூஸ்' நடத்துற ரிஜோ வந்து படம் பிடிச்சான். மெயின் பைப்பு இன்னும் மலையேறி வரல. அதனால மேட்டுப் புதருக்குள்ள ஒரு டிரம்மை ஒளிச்சுவச்சு, ஜீப்புல கொண்டாந்த தண்ணிய ஊத்தி, குழாயை அதுல மாட்டியிருந்தாங்க.

முதல் குடம் பிடிக்கிற பாக்கியம் எங்க லயத்து அன்னாளுக்கு. அவ செகப்புச் சேலை கட்டியிருந்தா, அதான் காரணம். ரிஜோ ஒன்ஸ்மோர் கேட்டான். பிடிச்ச தண்ணியக் கீழ ஊத்திட்டு மறுபடி பிடிச்சா. சிரிப்புப் பத்தலைன்னு மூணாவது தடவை. சிரிப்பு நல்லா வந்துச்சு, டிரம்மும் காலியாச்சு.

வீடியோவ நாப்பத்திரெண்டாயிரம் பேர் பாத்தாங்க. எங்க பஞ்சாயத்து ஜனத்தொகையே பதினெட்டாயிரம்தான்.

பாத்தவங்கள்ல கம்பத்துக்காரம்மா ஒண்ணு. அன்னாள் மக நிமியைப் பொண்ணு பாத்துட்டு, விருந்துக்கு வந்தா கை கழுவ ஓடைக்கு எறங்கணுமாமேன்னு மூணு மாசமா இழுத்தடிச்ச அம்மா. வீடியோ பாத்த மறுநாளே சம்மதிச்சுட்டாங்க. மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு முதல் ஓலையும் வாசிச்சாச்சு. ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அம்பது பேரு வாராங்க.

அன்னாளுக்குப் பகீர்னுச்சு. முட்டி வலியோட நூத்திப்பத்துப் படி ஓடைக்கு எறங்கி ஏறுறவ அவ. அம்பது பேருக்கு எங்க போவா? குழாய்ல தண்ணி வரலைன்னு சத்தமில்லாம ஒரு பராதி எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்தா. அங்க கிளார்க் டின்சி மேடம் பராதியப் படிக்கல. போனை எடுத்து வீடியோவப் போட்டாங்க.

"இது யாரு?"

"நான்தான்."

"கையில?"

"குடம்."

"குடத்துல?"

"தண்ணி."

"பின்ன என்ன பராதி?"

"அது அன்னைக்கு வந்தது மேடம்."

"நான் எப்ப அமுக்கினாலும் வருதே. உங்களுக்கு மட்டும் வரலைன்னா, நீங்க வேற ஏதோ குழாயத் தொறக்குறீங்க."

அன்னாள் விடல. ரிஜோகிட்டப் போயி, தண்ணி வரலைன்னு ஒரு செய்தி போடச் சொன்னா. அவன் பொறுமையா விளக்கினான்.

"எக்கா, நாப்பது வருசமா வரல. அது எப்படிச் செய்தியாகும்? வந்ததுதான் செய்தி. வேணும்னா ஒண்ணு செய்யி. குடத்தோட படியில உருண்டு விழு. ஆனா முன்கூட்டியே சொல்லிட்டு விழு, வெளிச்சம் பாக்கணும்."

இந்தப் பராதி ஆபீஸுக்கும் பெரிய சங்கடம். ஆபீஸ் பைல்ல தண்ணி வருது, அன்னாள் காகிதத்துல வரல. கடைசியில செக்ரட்டரி ஒரு வழி கண்டுபிடிச்சாரு. இது ஜனநாயக நாடு, தண்ணி வருதா இல்லையான்னு கிராமசபை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும்னு சொல்லிட்டாரு.

சபை கூடுச்சு. ரிஜோ லைவ் போட்டான். தண்ணி வருதுன்னு சொல்றவங்க கை தூக்கலாம்னாரு மெம்பர். நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். கருத்தப்பாண்டிதான் முதல்ல தூக்கினான். வீடியோவுல குழாய்க்குப் பின்னால கும்பிட்டு நிக்கிறவன் அவன். அதுக்குத் துபாய் மச்சான் ஆர்ட்டின் விட்டிருக்கான், இப்பப் போயி இல்லைன்னா மச்சான் என்ன நெனைப்பான்? நாங்களும் ஓரஞ்சாரமா அதுல தெரியுறோம். ஒவ்வொரு கையா ஏறுச்சு.

தூக்காத கை ஒண்ணே ஒண்ணு. ரிஜோ மைக்கை அன்னாள்கிட்ட நீட்டினான்.

"எக்கா, நீ சொல்லு. தண்ணி வருதா?"

அன்னாள் வாயைத் தொறந்தா. அதுக்குள்ள ரிஜோ போனைப் பாத்து, "கம்பத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. 'சம்பந்தி, சேலை நல்லாருக்கு'ன்னு" படிச்சான்.

அன்னாள் சேலைத் தலைப்ப இழுத்துச் சரி பண்ணிக்கிட்டா. பெறகு மெதுவாக் கையத் தூக்கினா.

"வருதுய்யா. நிறுத்தத்தான் முடியல."

பராதி ஏகமனதாத் தள்ளுபடி. தண்ணி குடுத்த பஞ்சாயத்துக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானமும் போட்டோம். முன்மொழிஞ்சது அன்னாள்.

கல்யாணத்துக்கு முந்துன மூணு நாளும் பதினாறு வீடும் ஓடைக்கு எறங்கிச்சு. புதருக்குள்ள ஒரு டிரம் எட்டாச்சு. படியில வரிசையா நின்னு குடத்தைக் கை மாத்திக் கை மாத்தி ஏத்தினோம். கிராமசபைல தூக்கின அதே கைதான். கம்பத்துக்காரங்க வந்தாங்க, குழாயைத் தொறந்தாங்க, அம்பது பேரும் கை கழுவினாங்க. சம்பந்தியம்மா ரெண்டு தடவை கழுவினாங்க. ரிஜோ அதையும் எடுத்து, 'மீண்டும் பாயுது தண்ணி'ன்னு போட்டான். பிஜுவுக்கு அடுத்த தேர்தல்லயும் எங்க ஓட்டு உறுதி. வேற யாருக்குப் போட்டாலும் தண்ணி நின்னுருமே.

இப்பவும் காலைல ஓடைக்குத்தான் போறோம். அம்பதாவது படியில டவர் கிடைக்கும். அங்க குடத்தை எறக்கிவச்சு, மூச்சு வாங்குற நேரத்துல அந்த வீடியோவப் பாப்போம்.

நேத்து அன்னாள் முட்டியத் தடவிக்கிட்டே பாத்தா. செகப்புச் சேலைக்காரி சிரிச்சுக்கிட்டே குடம் பிடிக்கிறா, நொரையோட பொங்குது தண்ணி.

"குடுத்துவச்ச சனங்கடி"ன்னா.

நாங்களும் ஆமான்னோம்.