ஓடும் பம்பின் திருவுருவப் படம்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதைத் திரையில் சுழல வைத்தவர் அம்பத்தூர் கிருபாகரன். முதல் சாதனையாளரின் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டாமவரிடம் விசிட்டிங் கார்டு இருக்கிறது.

நவீன ஆலைகளில் இயந்திரத்தின் அருகே ஆள் நிற்பதில்லை. தள்ளி ஓர் அறை, அதில் ஒரு திரை. பம்பு, வால்வு, தொட்டி எல்லாம் அதில் படமாகத் தெரியும். ஆபரேட்டர் படத்தைப் பார்த்து ஆலையை ஓட்டுவார். அந்தப் படங்களை வரைவதுதான் கிருபாகரனின் தொழில். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத 'வெக்டர்' படங்கள். வீட்டில் மனைவி ஜெயப்பிரியா இதை "மோட்டார் படம் போடறாரு" என்று சுருக்கிவிடுவார். மேதைகளின் வீட்டில் இது சகஜம் என்று கிருபாகரன் பொறுத்துக்கொண்டார்.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. அதன் மேலாளர் ராஜசேகரன் போனில் அழைத்தார். பழைய திரை வெறும் சாம்பல் பெட்டிகள், அதில் 'ஆன்மா' இல்லை என்றார். கிருபாகரன் ஆன்மாவைச் சேர்த்தார். பம்புக்கு உலோகப் பளபளப்பு. தொட்டிக்கு நிழல். தொட்டியில் எத்தனை லிட்டர் என்று காட்டும் எண் அழகைக் கெடுத்தது. அதை எறும்பளவு சுருக்கினார். எச்சரிக்கைச் சிவப்பு கண்ணை உறுத்தியது. இளம் ரோஜா நிறமாக்கினார். பம்பை மட்டும் அவர் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கற்பனை கெட்டுவிடும்.

அரங்கேற்ற நாளன்று ஆலையில் பராமரிப்பு வேலை. கூட்ட அறையில் வைத்த திரையில் பம்பு அசையவில்லை.

"என்ன சார், சும்மா நிக்குது? எம்.டி. வந்துட்டிருக்காரு" என்றார் ராஜசேகரன்.

"பம்பு நிக்குது சார். அதான் படமும் நிக்குது."

"அது பம்போட பிரச்சினை. நீங்க சுத்த விடுங்க."

கிருபாகரன் பம்பிலிருந்து படத்துக்கு வரும் இணைப்பைத் துண்டித்தார். படத்தைத் தானாகவே சுழல விட்டார். எம்.டி. வந்தார். "லைவா இருக்கு" என்றார். கைதட்டல். அன்று மாலையே இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும் என்று கிருபாகரன் நினைத்தார். அதற்குள் சால்வை போர்த்திவிட்டார்கள். சால்வையோடு குனிந்து வேலை செய்வது மரியாதையாக இருக்காது.

மூன்றாவது வாரம் பம்பு நின்றது. திரையில் நிற்கவில்லை. எண்ணெயை வெளியேற்ற வேண்டிய பம்பு நின்றதால் தொட்டி வழிந்தது. நாலாயிரம் லிட்டர் தரையில். அப்போது பணியில் இருந்தவர் உஸ்மான் கனி. பூந்தமல்லிக்காரர், பதினோரு வருட ஆபரேட்டர். அவரை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விசாரணை வைத்தார்கள். தலைவர் ராஜசேகரன். 'நிபுணர்' கிருபாகரன்.

"பம்பு நின்னது உனக்குத் தெரியலையா?"

"படத்துல ஜோரா சுத்திகினே இருந்துச்சு சார்."

"எச்சரிக்கை வந்திருக்குமே?"

"ரோஸ் கலர்ல இன்னாவோ பூ மாதிரி மின்னுச்சு. டிசைன்னு நெனச்சேன். முன்னெல்லாம் வெறும் டப்பாதான் சார். நின்னா செவப்பாயிடும். கொயந்தகூட சொல்லிடும்."

"நிபுணர் என்ன சொல்றீங்க?"

நிபுணரின் தொண்டையில் மூன்று சொற்கள் வந்து நின்றன. 'அது சும்மா சுற்றியது.' அவை வெளியே வந்தால் உஸ்மான் கனி பிழைப்பார். அடுத்த ஆலையின் ஆர்டர் பிழைக்காது. ராஜசேகரனும் அவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் எண்ணெய்க்காக வருந்தினார்கள்.

"படத்தில் எந்தக் கோளாறும் இல்லை" என்றார் கிருபாகரன். பொய்யில்லை. படம் நன்றாகவே சுற்றியது.

விசாரணைக் குழு தன் முடிவைப் பதிவு செய்தது. படத்தில் பம்பு ஓடியிருக்கிறது. பம்பு அதைப் பின்பற்றத் தவறியிருக்கிறது. ஆபரேட்டர் அதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார். இனி இவ்வாறு நிகழாதிருக்க, திரையில் 'கவனமற்ற ஆபரேட்டர்' என்று ஒரு சின்னம் இடம்பெற வேண்டும்.

கிருபாகரன் இரண்டு நாள் உழைத்தார். ஆபரேட்டர் அறையையும் அவர் பார்த்ததில்லை. அதனால் தடை ஏதும் இல்லாமல் வரைந்தார்.

இரண்டாவது அமர்வில் நீக்க உத்தரவு மேஜைமேல் இருந்தது. சின்னம் திரையில் ஒளிர்ந்தது. உஸ்மான் கனி அதையே பார்த்தார்.

"இது யாரு சார்?"

"நீதான்யா" என்றார் ராஜசேகரன்.

"நானா? எனக்கு ஏது சார் கைப்பிடி வச்ச சுத்துற சேரு? எங்களுக்கு முக்காலிதான். காதுல இன்னாது, ஹெட்போனா? எங்க ரூம்ல அது கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிகீது." திரைக்கு அருகே போனார். "கைகிட்ட காபி கப்பு வேற. பம்பு அந்தாண்ட கீது. இவரு அதுக்கு முதுவக் காட்டிகினு, பொம்மையப் பாத்துகினு குந்திகீறாரு. இது நான் இல்ல சார். படம் போட்டாரே, அந்த அண்ணாத்தே."

எல்லோரும் கிருபாகரனைப் பார்த்தார்கள். அவர் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வாழ்நாளில் அவர் வரைந்தவற்றில் உள்ளதை உள்ளபடி காட்டிய படம் அது ஒன்றுதான்.

ராஜசேகரன் ஆழ்ந்து யோசித்தார்.

"நல்ல பாயின்ட். சேரை எடுத்துட்டு முக்காலி போடுங்க சார்."

கிருபாகரன் லேப்டாப்பைத் திறந்தார். பத்து நிமிடம் ஆனது. உஸ்மான் கனி அதுவரை நின்றார். பிறகு உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

முக்காலி மிக அழகாக வந்திருந்தது.