இன்னொரு தடவை கேளுங்க, மேடம்

தலைமை ஆசிரியையின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பூகோள வாத்தியார் நகராமல் அங்கேயே நின்றார். பத்து எண்ணுவதற்குள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு. நூற்றிருபது எண்ணியாகிவிட்டது. கதவு அசையவில்லை.

உள்ளே நடந்தது இவ்வளவுதான்.

"துணைத் தலைமை ஆசிரியர் பதவியை நீங்க எடுத்துக்கிறீங்களா சார்?"

"எனக்கெதுக்கு மேடம் அதெல்லாம்? வேண்டாம்."

"சரி சார். வெள்ளிக்கிழமை போர்டுல ஆர்டர் போட்டுடறேன்."

சரியாம், சரி! ஒரு மனுஷன் வேண்டாம் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடுவதா?

பூகோளத்தாரின் பக்கத்து வழக்கம் வேறு. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை "இவ்வளவு சொல்றீங்களே" என்று வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கை நீட்டினால் அலைகிறான் என்று பேராகிவிடும். தலைமை ஆசிரியை பக்கத்திலோ ஒரே கேள்வி, ஒரே பதில். இரண்டு பள்ளிக்கூடங்களை ஒன்றாகச் சேர்த்து ஆறு மாதமாகிறது. ஆசிரியர் அறையில் இன்னும் கதவோரம் இவர்கள் மேஜை, ஜன்னலோரம் அவர்கள் மேஜை. சேர்ந்த அன்று ஜன்னலோரத்துக் கெமிஸ்ட்ரி டீச்சர் "டீ சாப்பிடறீங்களா?" என்றார். இவர் வேண்டாம் என்றார். அதோடு போயிற்று. ஆறு மாதமாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு டீ வரவில்லை.

டீ கிடக்கட்டும். பதவி? இருபத்திரண்டு வருட சர்வீஸில் இரண்டு தடவை கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருடம். மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்ள, இன்னும் ஒன்பதாவது பி தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். இதுவும் போனால் இனி இல்லை. நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

அப்போது ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒரு வெள்ளைத் தாளோடு அறைக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சார், இங்கயே நிக்கறீங்க?"

"சும்மாதான். காத்து வாங்கறேன்."

டைப்பிஸ்ட் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார். பூகோளத்தாருக்குப் பொறி தட்டியது. அதற்குள் வேறு யாருக்கோ ஆர்டர் தயாராகிறது!

யாருக்கு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. கெமிஸ்ட்ரி டீச்சர் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு கப் டீயை இவர் முன்னால் வைத்தார்.

"குடிங்க சார்."

"எதுக்கு?"

"எல்லாம் நல்லதுக்குத்தான்."

ஆறு மாதமாக வராத டீ இன்றைக்கு மட்டும் ஏன் வருகிறது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பதவியைப் பிடுங்கிக்கொண்டு டீயைக் கொடுத்து வாயை அடைக்கிறார்! டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் டீயைக் கொண்டுபோய்க் கை கழுவும் தொட்டியில் ஊற்றினார்.

ஆபத்துக்கு உதவுகிறவர் என்று அவருக்கு இருந்தது ஒரே ஒருவர். விளையாட்டு வாத்தியார். கழுத்தில் எப்போதும் தொங்குவதால் பெயரே 'விசில்' என்றாகிவிட்டது. கதவோர மேஜைக்காரர்தான்.

"யோவ், நானே போய்க் கேட்டா அசிங்கம். நீ மேடம்கிட்ட மெதுவா காதுல போடு. அவருக்கு ஆசை இருக்கு, இன்னொரு தடவை கேளுங்கன்னு சொல்லு."

"இதென்ன பிரமாதம்? இப்பவே போறேன்."

போனவர் வந்தார். முகம் சரியில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன் சார். அவருக்கு ரொம்ப ஆசைன்னு அடிச்சே சொன்னேன். மேடம் அப்படியே யோசனையில ஆழ்ந்துட்டாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்ப நீங்க எடுத்துக்கிறீங்களான்னு என்னைக் கேட்டுட்டாங்க."

"நீ என்னய்யா சொன்னே?"

"எனக்கெதுக்குன்னு சொல்லிட்டேன்."

பூகோளத்தாருக்கு உயிர் வந்தது. ஆனால் விசில் உட்காரவில்லை. தலைமை ஆசிரியை அறைப் பக்கமாகவே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடப் பாவி! இவனும் அடுத்த தடவைக்கல்லவா காத்திருக்கிறான்! அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் தனியாக வராந்தாவுக்குப் போகவிடவில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் மற்றவருக்கும் தாகம் எடுத்தது.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவங்க வழக்கம் அதுன்னா அவங்க வழக்கப்படியே போய்க் கேளுங்களேன். வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

"எங்கண்ணன் என்ன நினைப்பார்னு யோசிச்சீங்களா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அன்று ராத்திரி பூராவும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று "வேணும்" சொல்லிப் பழகினார். முதல் பத்துத் தடவை "வே"யோடு நின்றது. பிறகு மெல்ல மெல்ல மீதியும் வந்தது.

வியாழக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றார்.

"மேடம், அந்தப் பதவி எனக்கு வேணும்."

தலைமை ஆசிரியையின் முகம் வாடிப்போயிற்று.

"நிஜமாவா சார்?"

"நிஜமா வேணும்."

"நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுட்டேன் மேடம். கண்டிப்பா வேணும்!"

"உங்க மனசு புரியுது சார். நான் வற்புறுத்த மாட்டேன்," என்றார் தலைமை ஆசிரியை பெருமூச்சோடு.

வற்புறுத்த எதற்கு? அதுதான் வேணும் என்றாகிவிட்டதே! அவர்கள் பேச்சே ஒரு தினுசு என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார். மனைவிக்குப் போன் பறந்தது. மனைவியிடமிருந்து அண்ணனுக்குப் பறந்தது. கதவோரத்துக்கு மட்டுமல்ல, ஜன்னலோரத்துக்கும் பிஸ்கட் வாங்கி வைத்தார். கெமிஸ்ட்ரி டீச்சரிடம், "எடுத்துக்குங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. விசில் மட்டும் பிஸ்கட்டை இரண்டு தடவை மறுத்துவிட்டு நான்காக எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போர்டைச் சுற்றி ஒரே கூட்டம். பூகோளத்தார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனார்.

தாளில் விசிலின் பெயர் இருந்தது.

"ஐயோ, எனக்கெதுக்கு, எனக்கெதுக்கு" என்று சொல்லிக்கொண்டே விசில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பூகோளத்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பினார். ஆபீஸுக்குள் போய் டைப்பிஸ்டின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன அநியாயம்? வாய் திறந்து கேட்டேனே! மானத்தை விட்டுக் கேட்டேனே!"

டைப்பிஸ்ட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் என்ன சார் பண்ணுவேன்? முதல்ல நீங்க வேண்டாம்னு சொன்ன உடனே உங்க பேரைத்தான் டைப் அடிக்கச் சொன்னாங்க. உங்க பக்கத்துல எல்லாத்தையும் தலைகீழாத்தான் புரிஞ்சுக்கணும்னு ஒரு மாசமா நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றாங்க மேடம்; நீங்கதான் நேத்து வந்து மூணு தடவை அடிச்சுச் சொல்லிட்டீங்களே, வேண்டவே வேண்டாம்னு!"