அந்த ஓம் வேற, இந்த ஓம் வேற

ஹோர்சன்ஸ், டென்மார்க்,
வியாழக்கிழமை.

அன்பின் மருமகன் நிக்கலஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் என் பிரஷரைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீங்களும் மகள் றொஷானியும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன். நீங்கள் சட்டத்தரணி என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மேல்மாடி சயந்தினியின் மகன் கிருஷாந்த் மீது கத்திக்குத்து வழக்கு. சண்டையை நான் பல்கனியில் நின்று கண்டேன். பெடியன் விழுந்தவனைத் தூக்கினான், கையில் கத்தி இல்லை. இதைச் சொல்லத்தான் சாட்சியாகப் போனேன். எனக்கு டெனிஷ் போதாதென்று மொழிபெயர்க்க ஒரு பிள்ளையை இருத்தினார்கள். அரச வக்கீல் துண்டு துண்டாகக் கேட்க, அவள் தமிழில் சொல்ல, நான் மரியாதைக்குத் தலைகுனிந்து, ஃபோனில் உங்கள் மாமி கதைக்கும்போது செய்வதுபோல, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நீங்கள் பல்கனியில நிண்டனீங்கள்." "ஓம்." "கீழ சண்டையைக் கண்டனீங்கள்." "ஓம்." "கத்தி கிருஷாந்தின்ர கையில இருந்தது." "ஓம்..." சொல்லு பிள்ளை, கேட்கிறேன் என்ற ஓம் அது! அவள் அதை ஆமாம் என்று எடுத்து, டெனிஷில் "யா" என்றுவிட்டாள். எழும்பிக் கத்தினேன்: "ஐயோ, அந்த ஓம் வேற, இந்த ஓம் வேற!" ஆறு ஜூரிமாரும் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வெளியே சயந்தினி என் கையைப் பிடித்து, "அண்ணை, என்ர பிள்ளையை உள்ளுக்கு அனுப்பிப் போட்டியளே?" என்றாள். ஐந்து வருடத்துக்குக் குறையாதாம், மருமகன்.

இன்று நீதிபதி அம்மா ஜூரிமாருக்கு விளக்கம் சொன்னார். எனக்கு விளங்கிய மட்டில், சாட்சி தடுமாறினார், கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை, பதிலை மாற்றினார் என்பதற்காக மட்டும் அவரைப் பொய்யர் என்று முடிவெடுக்க வேண்டாம். சொன்னது மற்ற ஆதாரங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அது பெடியனுக்கே சாதகம் என்றார். பின்வரிசை வாங்கில் இருந்த நான் சந்தோஷத்தில் "ஓம், ஓம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். உங்கள் மாமி தொடையில் கிள்ளினா. "வாயை மூடுங்கோ! இன்னும் அஞ்சு வருசம் கூட்டப் போறியளோ?"

நாளைக்குத் தீர்ப்பு. சாப்பாடு இறங்குதில்லை. ஜூரிமார் என்னை நம்புவார்களா என்று உடனே அறியத் தரவும். உங்கள் இருவரையும் மாதா காப்பாராக.

இப்படிக்கு,
மாமா மரியரட்ணம்.

பி.கு.: தபாலில் போடமுன் தீர்ப்பு வந்துவிட்டது. கிருஷாந்த் விடுதலை! சயந்தினி அழுதாள், நானும் அழுதேன். குத்துப்பட்டவனே குத்தியவனின் முகத்தைக் காணவில்லை என்றதால் சந்தேகம் தீரவில்லையாம். என் சாட்சியத்தை அந்தப் பக்கமும் எடுக்கவில்லை, இந்தப் பக்கமும் எடுக்கவில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பெடியன் வீட்டுக்கு வந்தது போதும். ஆனாலும் மருமகன், அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் தனியாக அப்பீல் செய்யலாமோ?